டாங்கியின் தலை திரும்பியபோது

நான் வேலை பார்த்த மியூசியத்தில் இப்போது இருக்கும் பையன்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஊர் திரும்பி வந்த பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. சில நாட்களுக்கு முன் ஒருவன் போட்டோ போட்டிருந்தான். ஐரோப்பாவிலிருந்து இன்னொரு ஜெர்மன் டாங்கி ட்ரெய்லரில் வந்து இறங்கியிருக்கிறது. சேறு காய்ந்து, பாதி துருவாக. கீழே அவன் எழுதியிருந்தது: “அண்ணே, இதுக்குள்ள இறங்கி வேலை பாக்கணுமாம். பயமா இருக்கு. உங்களுக்கு இருந்துச்சா?”

இருந்தது. இருந்தது என்று ஒரு சொல்லில் பதில் போட்டால் போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. வீட்டில் யாரும் அடிக்கவில்லை, பட்டினியும் இல்லை. ஒரே இடத்தில் உட்கார முடியாத உடம்பு, அவ்வளவுதான். அறந்தாங்கியிலிருந்து லாரியில் கிளீனராகப் போனேன். லாரி மும்பை போனது, நானும் போனேன். அங்கே பொக்லைன் ரிப்பேர் கற்றேன். பிறகு பஹ்ரைன். குதைபியாவில் ஒரு அறையில் ஷிஃப்ட் முறையில் படுத்துக்கொண்டு கனரக வண்டிகளுக்கு ஃபிட்டர் வேலை. அந்தக் கம்பெனி மூடியதும் துபாய். சோனாப்பூர் கேம்ப்பில் இருந்து பஸ் ஏறி சைட்டுக்குப் போய் வந்தேன். கிரேன், ரோலர், தண்ணி டேங்கர், எது கெட்டாலும் அடியில் படுத்தேன். நாலு இடத்தில் கை ஒடிந்து கூடியிருக்கிறது. அதை யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை.

நாற்பது தாண்டியபின் ஒரு நண்பன் மூலம் இந்த மியூசியம் வந்தது. அஜ்மானில் அறை, பக்கத்து எமிரேட்டில் வேலை. ஒரு அரபி முதலாளி, நாங்கள் அர்பாப் என்போம், பழைய போர் வண்டிகளை வாங்கிச் சேர்த்து, ஓட வைத்து, விருந்தாளிகளுக்குக் காட்டுவார். உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் ஓட்டிய வண்டிகள் என்றால் அவருக்கு உயிர். அரை டயரும் அரை செயினுமாக ஆள் ஏற்றும் வண்டி, நாலு சக்கரக் கவச வண்டி, பிறகு அந்த டாங்கி. ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் அதை ‘தப்பாபா’ என்றே சொல்வோம். அரபியில் டாங்கிக்கு அதுதான் பெயர்.

அது ஓர் ஆற்றுக்குள் பல வருஷம் கிடந்த வண்டி என்றார்கள். வந்த முதல் மாதம் முழுக்கச் சேறு சுரண்டினோம். வலப்பக்கத் தகட்டில் ஒரு கையளவு ஓட்டை. வெளியே சின்னது, உள்ளே பெரியது. உள்பக்கம் உதடு மாதிரி இரும்பு மலர்ந்து நின்றது. அந்த ஓட்டைக்கு நேர் உள்ளே இருந்த இருக்கையின் அடியில் ஒரு பூட்ஸின் குதிகால் கிடைத்தது. குதிகால் மட்டும். வெல்டர் செல்லத்துரை, பெரம்பலூர்க்காரன், எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன், அன்றைக்கு அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மீதி ஆளு எங்கண்ணே?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அதிலிருந்து எங்களில் ஒருவரும் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து டீகூடக் குடித்ததில்லை.

ஷெட்டின் ஃபோர்மேன் கரீம் உஸ்தாத். பாகிஸ்தான் பட்டாளத்தில் டாங்கி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம், ஒல்லி, மருதாணி போட்ட தாடி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒருவன் தப்பு செய்தால் அருகில் வந்து, அவன் கையிலிருக்கும் ஸ்பேனரை மெல்ல வாங்கி, துணியால் துடைத்து, திரும்ப அவன் கையில் வைப்பார். அதற்குத் திட்டே மேல். பேச்செல்லாம் ஹிந்தியில். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

அவர் வைத்திருந்த முதல் சட்டம் ஷூ. எங்கள் சேஃப்டி ஷூவின் முனையிலும் அடியிலும் இரும்பு. இரும்பில் இரும்பு உரசினால் பொறி. இந்த டாங்கி டீசல் இல்லை, பெட்ரோல். பெட்ரோல் தொட்டிகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? சிப்பாய்கள் நிற்கும் தளத்துக்கு நேர் அடியில். எவ்வளவு இறுக்கினாலும் எங்காவது ஒரு இணைப்பு கசியும். கசிந்த ஆவி மேலே போகாது, அடியிலேயே தங்கும். அதனால் உள்ளே இறங்குகிறவன் ஷூவைக் கழற்றி, டாங்கியின் முன் தகட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்க வேண்டும். கையில் பித்தளை ஸ்பேனர், மரச் சுத்தியல். செல்போன் வெளியே.

முன் தகட்டில் ஷூ இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஷூ இருக்கும்வரை பேட்டரி இணைக்கக் கூடாது, எஞ்சின் சுற்றக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. பலகை, விளக்கு எதுவும் தேவைப்படவில்லை. படிக்கத் தெரியாதவனுக்கும் ஷூ தெரியும். உஸ்தாத் கரண்ட் கொடுக்கும் முன் முன் தகட்டைப் பார்ப்பார், பிறகு மேல் மூடிப்பக்கம் வாயை வைத்து, “கோயி ஹை?” என்பார். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று. பதில் இல்லையென்றால்தான் கரண்ட்.

தலை என்று நாங்கள் சொன்னது பீரங்கி பொருத்தியிருக்கும் மேல்பகுதியை. அது தனியாகச் சுற்றும். அதிலிருந்து இரும்புக் கைகளில் ஒரு வட்டத் தளம் உள்ளே தொங்கும். தலை சுற்றினால் தளமும் சேர்ந்து சுற்றும். சுற்றாமல் நிற்பது வெளிக்கூடு. சுற்றுகிற இரும்புக் கைக்கும் நிற்கிற கூட்டின் தூணுக்கும் நடுவே ஒரு ஆள் புகும் சந்து உண்டு. தலை திரும்பினால் அந்தச் சந்து கத்தரிக்கோல்போல மூடும்.

தலையைச் சுற்றும் பழைய மின்மோட்டாரை உஸ்தாத்தே கட்டிச் சரிசெய்திருந்தார். வெளியே தள்ளுவண்டியில் பேட்டரிகள், அதிலிருந்து கேபிள், கிரேனுக்கு இருப்பதுபோல ஒரு பட்டன் பெட்டி. பட்டனை அழுத்தினால் அதிகச் சத்தம் இல்லாமல், தேனீ ரீங்காரம்போல முனகிக்கொண்டு தலை திரும்பும். விருந்தாளிகள் அதைப் பார்த்துத்தான் கை தட்டுவார்கள்.

அந்தக் கோடையில் அர்பாப் வெளிநாட்டு விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது. மதியம் கழித்து வருவார்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. தொட்டி இணைப்பில் லேசான கசிவு. உஸ்தாத், “முருகேஸ் பாய், வருவதற்குள் இறுக்கிவிடு” என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார். செல்லத்துரையும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஷூவைக் கழற்றி முன் தகட்டில் வைத்துவிட்டு முன்குழி வழியாக, அதாவது டிரைவர் உட்காரும் குழி வழியாக, இறங்கினேன்.

இணைப்பைத் தொட ஒரே வழிதான் உண்டு. கால்கள் முன்குழியில் இருக்கும். இடுப்பு அந்தச் சந்தில். தலையும் கைகளும் தளத்திலுள்ள திறப்பு வழியாகக் கீழே தொங்க வேண்டும். குப்புறப் படுத்து அப்படி வேலை செய்துகொண்டிருந்தேன். வியர்வை மூக்கு நுனியிலிருந்து தொட்டிமேல் சொட்டியது. பெட்ரோல் வாசம் கண்ணை எரித்தது.

மேலே நடந்தது எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. அர்பாப்பின் கார்கள் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டன. மேனேஜர் நிஜாம் பாய், கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், எங்கள் லீவுக்கெல்லாம் அர்பாப்பிடம் சண்டை போட்டு வாங்கித் தருபவர், முதலில் ஷெட்டுக்குள் ஓடி வந்தார். வருகிற விருந்தாளிக்கு எதிரே, கண் மட்டத்தில், அழுக்கு ஷூ. அடிப்பாகம் அவர்களைப் பார்த்து. அந்த ஊரில் அதைவிட அவமரியாதை வேறில்லை. ஷெட் சட்டம் அவருக்குச் சொல்லப்பட்டதில்லை. அவர் ஏசி ரூம் ஆள், டாங்கிப் பக்கம் வருவதே விருந்தாளியோடுதான். அவரே தன் கையால் ஷூவை எடுத்துக்கொண்டு போய் வாசல் ரேக்கில் வைத்தார். வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். சாப்பிட்டுத் திரும்பிய செல்லத்துரையிடம் போகிற போக்கில் சொன்னார்.

“தம்பி, அர்பாப் வந்துட்டாரு. ஒரு சுத்து சுத்திக் காட்டு.”

“உஸ்தாத் இல்லையே பாய்?”

“பட்டன அமுக்குறதுக்கு எதுக்கு உஸ்தாத்? யல்லா, யல்லா, சீக்கிரம்.”

செல்லத்துரை முன் தகட்டைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. விருந்தாளிகள் வந்து நின்றுவிட்டதால் மூடிமேல் ஏறிக் கூப்பிடவில்லை. கேபிளைச் செருகினான், அழுத்தினான்.

நான் முதலில் கேட்டது அந்த முனகல். பெட்ரோல் ஆவிக்குள் மின்மோட்டார். தீ என்று நினைத்தேன். தீப்பிடிக்கவில்லை. பிறகு தளம் என் நெஞ்சுக்குக் கீழே நகர்ந்தது. மெதுவாகத்தான் நகர்ந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு பொருள் என்னைக் கொல்ல வரும் என்று நான் எண்ணியதே இல்லை. கிரேன் கம்பி அறுந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், அது கண்சிமிட்டும் நேரம். இது அப்படியில்லை. வலது இடுப்பில் இரும்புக் கை வந்து தொட்டது. தொட்டபோது வலிக்கக்கூட இல்லை. யாரோ கூட்டத்தில் நகரச் சொல்வதுபோல இருந்தது. இடது பக்கம் தூண். நகர இடமில்லை.

கத்தினேன். என் அம்மா பெயர் சொல்லிக் கத்தினேன், செல்லத்துரையைக் கூப்பிட்டேன், நிறுத்து என்றேன். கையில் மரச் சுத்தியல் இருந்தது. அதைத் தகட்டில் அடித்தேன் என்றுகூட நினைவு இருக்கிறது. மேலே வெளிநாட்டுக்காரர்கள் சிரிப்பதும் அர்பாப் அரபியில் விளக்குவதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூடி திறந்துதான் இருந்தது. இடுப்பில் ஏதோ பிஸ்கட் உடைவதுபோல நொறுங்கியது. அதற்குப் பிறகு முனகல் நின்றது.

உஸ்தாத்தான் நிறுத்தியது. தொழுதுவிட்டு வந்தவர் வாசலில் ரேக்கைப் பார்த்திருக்கிறார். லேஸுக்குப் பதில் நான் கட்டியிருந்த பச்சை வயர் அவருக்குத் தெரியும். ஷூ இங்கே, ஆள் வெளியே இல்லை, தலை திரும்பிக்கொண்டிருக்கிறது. விருந்தாளிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிக் கேபிளைப் பிடுங்கினார்.

இடுப்பெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரி, பிறகு அறையில் படுக்கை. இன்றும் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துதான் நடக்கிறேன். அது போகட்டும். நடந்ததைவிட, பின்னால் வந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

செல்லத்துரை என் கட்டிலருகே உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே கேட்டான்.

“ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாண்ணே? மோட்டாரு சத்தமே இல்லயே. நான் கையெட்டுற தூரத்துல நின்னேனே.”

“கத்துனேன்டா.”

“இல்லண்ணே.”

“கத்துனேன்கிறேன்ல? சுத்தியலால வேற அடிச்சேன்.”

அவன் தலையை ஆட்டினான். “எங்கம்மா சத்தியமா ஒண்ணுமே கேக்கலண்ணே. ஒரு முனகல்கூட இல்ல.”

நிஜாம் பாயும் கேட்கவில்லை. அர்பாப்பும் கேட்கவில்லை. அத்தனை பேர் நின்ற இடத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் பொய் சொல்ல முடியாது. அப்படியானால் பொய் சொல்வது நான். படுக்கையில் கிடந்து அதையே நினைத்தேன். கண்ணை மூடினால் அந்த இரும்புக் கை மெதுவாக வரும். நான் வாயைத் திறப்பேன். திறந்ததும் சத்தம் வந்ததா என்று கவனிப்பேன். அது தெரியவே தெரியாது.

அர்பாப் கெட்டவரில்லை. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவர்தான். ஆனால் நிஜாம் பாயிடம் சொல்லியிருந்தார். நிஜாம் பாய் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஷூவை எடுத்தது என் கைதான். அர்பாப்கிட்டயே சொல்லிட்டேன். அதுக்கு அவரு என்னைய ஏசட்டும். ஆனா உங்க விஷயத்துல அவரு ஒண்ணு சொல்றாரு. ஆபத்துல குரல் குடுக்காத ஆளு இந்த வேலைக்கு ஆவாதுங்கிறாரு. இன்னொரு தடவ எதுனா ஆச்சுன்னா உயிரு போயிரும், அது என் எடத்துல வேணாம், ஊருக்கு அனுப்பிருங்கன்னு.”

“உஸ்தாத் என்ன சொன்னாரு பாய்?”

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். “அவரும் அதான் சரின்னாரு.”

அதுதான் என்னை நொறுக்கியது. விசா ரத்து என்றால் எனக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கத் தேவையில்லை. நொண்டும் ஃபிட்டரை எந்தக் கம்பெனி எடுக்கும்? ஆனால் அதைவிட, உஸ்தாத் சொன்னார் என்பதுதான்.

அறையிலிருந்து இறங்கி நடக்க முடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். சாமான்களை ஒப்படைக்கும் நாட்கள். உஸ்தாத் எனக்கு நாற்காலி போட்டார். நான் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“பட்டாளத்தில் குரல் செத்தவனை டாங்கியிலிருந்து இறக்கிவிடுவோம். அவன் மேல் கோபம் இல்லை. அவனுக்கு நல்லது அது. வாயில் நாக்கு இருந்ததே முருகேஸ் பாய், ஒரு வார்த்தை போதுமே.”

நான் கத்தினேன் என்று அவரிடமும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். குழந்தையைத் தட்டுவதுபோல.

அந்தச் சந்து முழுதாக மூடாதபடி ஒரு இரும்புத் தடுப்பு வைக்க அவர் முடிவு செய்திருந்தார். எந்த இடத்தில் வைப்பது என்று பார்க்க வேண்டும். மரக்கட்டையை வைத்து அளக்கலாம் என்றான் செல்லத்துரை. “கட்டைக்கு இடுப்பு இருக்கா?” என்றார் உஸ்தாத். நானே படுக்கிறேன் என்றார். தொட்டிகளைக் காலி செய்து, காற்றடித்து, பேட்டரி வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு வந்தார்கள். மோட்டாரும் கழற்றியாயிற்று. உள்ளே ஒரு கைச்சக்கரம் உண்டு, அதைச் சுற்றினால் தலை இம்மி இம்மியாக நகரும். அதைச் சுற்ற, உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால், என்னையே கூப்பிட்டார்.

நான் முடியாது என்றேன். உள்ளே இறங்க மாட்டேன் என்றேன். உஸ்தாத் என் தோளில் கை வைத்தார்.

“நீ சும்மா சுற்று. விளிம்பு என்னைத் தொட்டதும் நான் ருக்கோ என்பேன். நீ நிறுத்து. அவ்வளவுதான். நான் சொல்லும்வரை நிறுத்தாதே, இல்லாவிட்டால் அளவு தப்பாகிவிடும்.”

மேல் மூடி வழியாக என்னைத் தூக்கி இறக்கினார்கள். சக்கரம் இடப்பக்கம். உஸ்தாத் வலப்பக்கம், முன்குழியில் கால் வைத்து, நான் கிடந்த அதே இடத்தில். நடுவில் பீரங்கியின் பின்பகுதி மறைத்தது. அவர் என் கண்ணுக்குத் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. செல்லத்துரை மேலே மூடியருகே குனிந்து நின்றான்.

சுற்றினேன். தளம் நகர்ந்தது. என் பாதத்துக்கடியில் அதே நகர்வு. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம்.

சக்கரத்தில் ஒரு எடை தட்டியது. இரும்பு இரும்பில் முட்டினால் டக்கென்று நிற்கும். இது அப்படியில்லை. மெத்தென்று இருந்தது.

நிறுத்திவிட்டேன்.

“ஏண்ணே நிப்பாட்டிட்டீங்க?” என்றான் செல்லத்துரை. “அவரு இன்னும் சொல்லலயே?”

“சொல்லலதான்.”

“அப்ப சுத்துங்க. அளவு தப்பிருச்சுன்னா உஸ்தாத் ஸ்பேனரத் தொடச்சுக் குடுப்பாரு.”

நான் எதிர்ப்பக்கம் சுற்றினேன். வேகமாக, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு. “ஆள வெளிய எடுடா” என்று கத்தினேன். அந்தக் கத்தல் எல்லோருக்கும் கேட்டது.

காலைப் பிடித்து முன்குழி வழியாக இழுத்தார்கள். காயம் எதுவும் இல்லை. சட்டையில் மட்டும் இடுப்பருகே ஒரு கிரீஸ் கோடு. உஸ்தாத் டாங்கியின் செயினில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தார். முகம் சாம்பல். செல்லத்துரை தண்ணீர் கொடுத்தான். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது.

என்னையும் மேல் மூடி வழியாகத் தூக்கி வெளியே எடுத்தார்கள். நான் அவர் எதிரே போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் ருக்கோ என்றேனே” என்றார். “இரண்டு தடவை சொன்னேன். ஏன் நிறுத்தவில்லை?”

நான் செல்லத்துரையைப் பார்த்தேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

“நீங்க சொல்லல உஸ்தாத்.”

“சொன்னேன்.”

“யாருக்கும் கேக்கல.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். தன் தொண்டையைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, கிரீஸ் சட்டையோடு நேராக நிஜாம் பாயின் அறைக்குப் போனார். அங்கிருந்து அர்பாப்புக்கு போன் போனது. என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி வழியாக, அவர் ஒரு கையால் போனையும் ஒரு கையால் தன் கழுத்தையும் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் பார்த்தேன். விசா ரத்து பேச்சு அதோடு நின்றது.

வயதாகி அனுப்பும்வரை அந்த ஷெட்டில்தான் இருந்தேன். இரும்புத் தடுப்பு வைத்தோம். பட்டன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, இறங்குகிறவன் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவது என்று ஆயிற்று. நிஜாம் பாயும் அதைத் தெரிந்துகொண்டார். பயம் போனதா என்றால், போகவில்லை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் முதுகு குளிர்ந்தது. நான் கற்றது ஒன்றுதான். பயம் வந்து கத்துவேன், யாராவது காப்பாற்றுவார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் கத்துவது உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

உஸ்தாத் அதன்பிறகு “கோயி ஹை” என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எலும்பு கூடி நான் மறுபடி முதல்முதலாக இறங்கிய நாளில், இருட்டில் அந்தச் சந்தில் கிடந்தபோது, என் கணுக்காலை எதுவோ தொட்டது. உயிரே போய்விட்டது. பிறகு தெரிந்தது, அவர் கை. முன்குழிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவியிருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. கணுக்காலை ஒருமுறை அழுத்திப் பிடித்தார். நான் காலை அசைத்துக் காட்டும்வரை விடவில்லை.